கடைசி 35 மீட்டர்

சேலம் காந்தி மைதானத்தில் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி டீக்குக் காத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். கையில் டீ வருவதற்குள் ஒரு கேள்வி. இன்றைக்கு எந்த இடத்தில் கால் கனத்தது?

எவ்வளவு நேரத்தில் முடித்தோம் என்று எல்லோரும் பார்க்கிறோம். எங்கே தளர்ந்தோம் என்று பார்ப்பதில்லை.

பி.டி. உஷா பார்த்தார். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 400 மீட்டர் தடை ஓட்டம். நொடியில் நூறில் ஒரு பங்கு. அதில் போயிற்று வெண்கலம். கண் சிமிட்டக்கூட அது போதாது. தலையெழுத்து என்று அவர் விட்டுவிடவில்லை. எங்கே தளர்ந்தோம் என்று யோசித்திருக்கிறார். கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்தது என்று பின்னாளில் சொன்னார். காரணம், சாப்பாடு. அங்கே கிடைத்தது ஒத்துவராமல், அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமாக நாளைக் கடத்தினாராம். நாமக்கல்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் கூடை கூடையாக முட்டை அனுப்பியிருப்பார்கள்! மறு வருடம் ஜகார்த்தாவில் ஆசியத் தடகளப் போட்டி. உஷாவுக்கு ஐந்து தங்கம்.

நம்ம ஊர்த் தறிக்காரரும் இப்படித்தான். நூல் அறுந்தால் என்ன செய்வார்? முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுவார். அதே இடத்தில் மறுபடி அறுந்தால்? தறியை நிறுத்துவார். பாவைப் பார்ப்பார், நாடாவைப் பார்ப்பார்.

உங்களுக்கு எங்கே அறுந்தது? கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். 'மூன்றாவது சுற்று, வளைவில். ராத்திரி தூக்கம் சரியில்லை.' அவ்வளவுதான். டீ ஆறுகிறது, குடியுங்கள்.