கூட யார் வந்திருக்கீங்க?



பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துகள் களைகட்டும். பந்தல் போட்டுக் கறிச்சோறு பரிமாறுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர் மொய் எழுதும் இடத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டுவார். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். அந்தப் பணத்தில் விருந்து வைத்தவர் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், இன்னொருவர் மகள் கல்யாணத்தை முடிப்பார். வாங்கியவருக்குக் கூச்சமே இருக்காது. கொடுத்தவர் வீட்டில் விருந்து வரும்போது, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதிவிடலாம் அல்லவா?

நம்மில் பலர் உதவி வாங்கப் பழகியது இப்படித்தான். திருப்பிச் செய்ய வழி தெரிந்த இடத்தில் மட்டும் வாங்குவோம். பிரசவத்துக்குப் பெரியம்மா வந்து கூட இருந்தால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் முன்கூட்டியே போய் நிற்போம். அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன், அத்தை படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைவான். நோட்டில் எழுதாவிட்டாலும் எல்லார் மனத்திலும் கணக்கு உண்டு.

ஊரைவிட்டு வெளியே வந்ததும் அந்தக் கணக்கு அறுந்துபோகிறது. ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் சோழிங்கநல்லூருக்கும் வேலை தேடி வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இவ்வளவு பேரும் சொந்தபந்தத்தை ஊரில் விட்டு வருகிறவர்கள். ஒரு காய்ச்சல் வந்தால் இவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருவனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல. எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டுகிறார்.

"என்ன தம்பி, ரெண்டு நாளா வெளியவே காணோம்? கஞ்சி வச்சுத் தரட்டா?"

"வேணாங்கக்கா, பரவால்ல. நானே பாத்துக்கிறேன்."

அந்தப் பதிலில் திமிர் எதுவும் இல்லை. இவர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம், நாளைக்கே அறையைக் காலி செய்துவிட்டுப் போனால் எப்படித் திருப்பிச் செய்வது என்ற யோசனைதான். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. ராத்திரி அம்மா போனில் கேட்டால், சாப்பிட்டேன், காய்ச்சல் விட்டுவிட்டது என்கிறான்.

காய்ச்சல் விட்டதும் உண்மையாக இருக்கலாம். கவலையே அங்கேதான். இது டெங்குவாக இருந்தால், ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்து உட்காரக்கூட முடியாத சோர்வு, இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் சோர்ந்து கிடக்கிறவன், தூங்கினால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பான். பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். முந்நூறு நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் அம்மாவுக்குக் குரல் மட்டும்தான் கேட்கிறது. முகத்தைப் பார்க்கக்கூடியவர் எதிர்வீட்டு அக்கா.

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பார்கள்: "கூட யார் வந்திருக்கீங்க?" சீட்டு வாங்க, மருந்துக்கடைக்கு ஓட, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர, டிரிப்ஸ் தீரும்போது சிஸ்டரைக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு ரத்த சொந்தம்தான் வேண்டும் என்பதில்லை. கையெழுத்துக்கும் அப்படித்தான். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அந்தச் சம்மதம் நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அப்பா பஸ் பிடித்து வந்து சேரட்டும் என்று காத்துக் கிடக்க வேண்டாம்.

திருக்குறளில் 106ஆம் அதிகாரம் இரவு, அதாவது கேட்டுப் பெறுவது. 107ஆம் அதிகாரம் இரவச்சம், கேட்பதற்கு அஞ்சுவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் வள்ளுவர். நாம் இரண்டாவதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது. முதல் அதிகாரத்தின் முதல் குறளே, கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள் என்கிறது. அவர் வைத்துக்கொண்டே மறைத்தால் பழி அவருக்கு, கேட்டவருக்கு இல்லை. அந்த அக்காவோ கேட்காமலே வந்து கதவைத் தட்டியவர்.

சரி, திருப்பிச் செய்வது எப்படி? ரத்த வங்கியை எடுத்துக்கொள்வோம். ரத்தத் தட்டணுக்களை வழக்கமாக ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். இன்று ஒரு நோயாளிக்கு அவை ஏறுகின்றன என்றால், இந்த வாரத்தில் யாரோ ஒருவர் வந்து படுத்துக் கையை நீட்டியிருக்கிறார். பையில் எண் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. யாருக்கு மொய் எழுதுவது? உடம்பு நன்றாகத் தேறி, மருத்துவர் சரி என்ற பிறகு, முன்பின் தெரியாத இன்னொருவருக்காக நாமும் போய்க் கொடுக்கலாம். வெளியூர் வாழ்க்கையில் உதவி இப்படித்தான் சுற்றி வருகிறது. வாங்கிய கையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் ஒருபோதும் வாங்கமாட்டார்.

நம் சாலைகளிலும் இந்த வழி இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் பீகார்க்காரரா ஒடிசாக்காரரா என்று பார்ப்பதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தவர் தன் பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை என்று 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் சொல்கின்றன.

எல்லா உதவியையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. குறிப்பாகப் பெண்கள், மனம் ஒப்பாத இடத்தில் தயங்காமல் மறுத்துவிடலாம். மகளிருக்கான 181 இருக்கிறது, ஆம்புலன்ஸுக்கு 108 இருக்கிறது. ஆள் பார்த்துப் பழகுவதை உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நம்பிக்கையான இரண்டு பேர் போதும். ஒருவரிடம் ஊரிலிருக்கும் வீட்டாரின் போன் எண்ணைக் கொடுங்கள், இன்னொருவரிடம் மாற்றுச் சாவியைக் கொடுங்கள்.

யாராவது, என்ன வேண்டும் என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாமல், வேண்டியதை அப்படியே சொல்லுங்கள். "இளநீர் ரெண்டு வாங்கித் தாங்கக்கா. சாயங்காலம் ஒரு தரம் எட்டிப் பாருங்க." இவ்வளவு சொன்னால் போதும், செய்கிறவருக்கும் அது சுலபம். கஞ்சிக்கு நூறு ரூபாயை நீட்டாதீர்கள், அவர் மனம் நோகும். உடம்பு தேறியதும் பாத்திரத்தைக் கழுவி, இரண்டு வாழைப்பழம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று பாட்டி சொன்னது நினைவிருக்குமே.

ஊரில் இருக்கும் பெற்றோர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று ராத்திரி பிள்ளையிடம் பேசும்போது, சாப்பிட்டாயா என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன, எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.