பன்றிக்கொழுப்பினால் வீட்டுச் சவுக்காரம் செய்யும் முறை

(அதியமான்கோட்டைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சோப்பு என்று வழங்கும் சவுக்காரம் இன்று ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லா வீடுகளுக்கும் அவசியமான பொருள். குடியானவர் வீட்டிலிருந்து கடைக்குச் செல்லும் ரொக்கத்தில் ஒரு பாகம் மாதந்தோறும் இதற்காகவே செலவாகிறது. அதே சமயத்தில், பன்றி வளர்த்து இறைச்சி விற்பவர்களிடம், வாங்குவோர் வேண்டாமென்று ஒதுக்கிய கொழுப்பு மிஞ்சி, பல சமயங்களில் குப்பைக்கே போய்ச் சேருகிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம். ஆனால் இத்தொழிலில் கைப்பழக்கத்தைவிடத் தராசே முக்கியம் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கழிவுக் கொழுப்பைச் சவுக்காரமாக்கும் முயற்சி கூட்டுறவாளருக்குப் புதியதன்று. 1895, 1897ஆம் வருஷங்களில் வெளியான அறிக்கையின் மூலம் சென்னை மாகாணத்தில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரடெரிக் நிக்கல்சன், பின்னர் மாகாண மீன்துறையை நடத்தினார். அக்காலத்தில் மலையாளக் கரையிலுள்ள தானூரில் மீனெண்ணெயைக் கொண்டு சவுக்காரம் செய்யும் பரிசோதனைகள் தொடங்கின. அவற்றின் பயனாக 1914இல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சவுக்காரத் தொழிற்சாலை ஏற்பட்டது. நாற்றமுள்ள எண்ணெயும் முறையாகச் சுத்திசெய்து அளவறிந்து சேர்த்தால் பிரயோஜனப்படும் என்பது அங்கே கண்ட பாடம்.

பன்றிக்கொழுப்புக்கோ சவுக்கார சாஸ்திரத்தில் தனி இடமுண்டு. பிரெஞ்சு ரசாயன நிபுணர் செவ்ரெல் 1811இல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பன்றிக்கொழுப்பும் பொட்டாசும் சேர்த்துச் செய்த சவுக்காரத்தையே. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கூடிய பொருள் என்றும், காரம் சேரும்போது கிளிசரின் பிரிந்து, அமிலங்கள் காரத்துடன் கூடிச் சவுக்காரமாகின்றன என்றும் அவர் விளக்கினார். அவருடைய நூல் 1823இல் வெளியாயிற்று. இந்தக் கூட்டுக்குக் குறிப்பிட்ட கொழுப்புக்குக் குறிப்பிட்ட அளவு காரந்தான் வேண்டும். காரம் கூடினால் தோல் புண்ணாகும். மிகவும் குறைந்தால் சவுக்காரம் பிசுபிசுத்து நாளடைவில் சிக்கு வாடை வீசும்.

நம் நாட்டு வண்ணார் வெள்ளாவிக்கு உவர்மண்ணை உபயோகித்து வந்தனர். அம்மண்ணிலுள்ள காரம் அழுக்கை நீக்குமெனினும், அதன் வலிமை இடத்துக்கு இடம் மாறுபடுவதால் சவுக்காரத்துக்கு அளவிட்டுச் சேர்ப்பது கடினம். ஆகையால் கடையில் கிடைக்கும் காஸ்டிக் சோடாவே ஏற்றது. தர்மபுரி ஜில்லாவுக்கு அடுத்த மேட்டூரில், அணை கட்டி முடிந்த 1934ஆம் வருஷத்துக்குப் பின் எழுந்த ரசாயனத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட பொருள்களுள் இதுவும் ஒன்று.

கொழுப்பைச் சுத்தி செய்தல். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு மிகவும் வெண்மையானது. முதுகுக் கொழுப்பும் நல்லதே. இரத்தமும் இறைச்சித் துணுக்கும் நீக்கிச் சிறு துண்டுகளாக நறுக்கி, சிறிது நீரும் ஒரு பிடி உப்பும் சேர்த்து, சிறு தீயில் உருக்க வேண்டும். துணியில் வடித்து ஆறவிட்டால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறையும். அழுக்கு நீர் அடியில் தங்கும். உறைந்த கட்டியை எடுத்து அடிப்பாகத்தைச் சுரண்டிவிட வேண்டும். வாடை நீங்கவில்லையெனில் புதுநீரும் உப்பும் விட்டு மறுமுறையும் அவ்விதமே செய்யலாம்.

அளவு. பன்றிக்கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 138 கிராம் காஸ்டிக் சோடா செல்லும். தேங்காயெண்ணெய் ஒரு கிலோவுக்குச் சுமார் 183 கிராம் செல்லும். கொழுப்பை மாத்திரம் கொண்டு செய்யும் சவுக்காரம் கெட்டியாகவும் வெண்மையாகவும் இருக்கும். அதன் நுரை வெண்ணெய் போல் மென்மையாயினும் மெதுவாகவே எழும். சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்தால் அக்குறை தீரும். ஆகவே கொழுப்பு 800 கிராமும் தேங்காயெண்ணெய் 200 கிராமும் கொள்வது தகும். முன்னதற்கு 110 கிராமும் பின்னதற்கு 37 கிராமும் ஆக 147 கிராம் சோடா கணக்காகிறது. இதில் நூற்றுக்கு ஐந்து வீதம் 7 கிராம் தள்ளி, 140 கிராம் மாத்திரமே சேர்க்க வேண்டும். அவ்விதம் தள்ளுவதால் சிறிது கொழுப்பு மாறாமல் நின்று தோலைக் காக்கும். நீர் 330 கிராம். கிணற்று நீர் உப்புத் தண்ணீராயின் மழைநீரை உபயோகிப்பது நலம். இவை யாவும் நிறுத்துக் காணவேண்டிய அளவுகள். டம்ளராலும் கரண்டியாலும் அளப்பது கூடாது.

செய்முறை. நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, சோடாவை அதில் சிறுகச் சிறுக இட்டுக் கலக்க வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஒருக்காலும் ஆகாது; சோடா அதை அரித்து, தீப்பற்றக்கூடிய வாயுவை எழுப்பும். கலக்கும்பொழுதே கரைசல் மிகவும் சூடேறும். ஆகையால் காற்றோட்டமான வெளியிடத்தில், ஆவியை முகராமல் செய்ய வேண்டும். உருகிய கொழுப்பும் எண்ணெயும் கரைசலும் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறின என்பதைப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டறிந்து, கரைசலைக் கொழுப்பில் மெல்லிய தாரையாக ஊற்றி இடைவிடாமல் கிண்ட வேண்டும். கொழுப்பு மிகுந்த கலவை இறுக நேரமாகும், பொறுமை வேண்டும். துடுப்பிலிருந்து விழும் துளி மேற்பரப்பில் கோடாக நின்றால் அதுவே பதம். உடனே காகிதம் விரித்த மரப்பெட்டியில் வார்த்து மூடி, ஓரிரு நாள் கழித்துக் கையுறை அணிந்து துண்டுகளாக அறுக்க வேண்டும். பின்பு நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்த வேண்டும். வார்த்தபோது 1470 கிராம் இருந்தது உலர்ந்தபின் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோவாகும். மேலே எண்ணெய் மிதந்த கட்டியையும், உள்ளே வெண்பொடியோ நீரோ தங்கிய கட்டியையும் யாருக்கும் கொடுக்கலாகாது.

எச்சரிக்கை. காஸ்டிக் சோடா கண்ணைக் குருடாக்கும். விழுங்கினால் குடல் வெந்து உயிருக்கே மோசமாகும். கரைசல் பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருப்பதால் குழந்தைகள் அதைக் குடிநீர் என்று எண்ணிவிடக் கூடும். வேலை நடக்குமிடத்தில் குழந்தைகளைச் சேர்க்காதிருத்தலும், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிதலும் கட்டாயம். மேலே பட்டால் புளிநீரோ எலுமிச்சைச்சாறோ தேடாமல், பட்ட துணியைக் களைந்து, ஓடும் நீரில் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டாலும் அவ்விதமே கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விழுங்கியவருக்கு வாந்தி உண்டாக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பன்றிக்கொழுப்பு முஸ்லிம்களுக்கு விலக்கு. இந்துக்களிலும் ஜைனர்களிலும் அதைத் தொடாதவர் பலர். 1857இல் தோட்டாக்களில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசியிருப்பதாக எழுந்த பேச்சு சிப்பாய்களின் மனத்தை எவ்வளவு புண்படுத்தியது என்பது சரித்திரம் அறிந்த விஷயம். அயலாரின் நம்பிக்கையைப் பெற்றே ஒரு சங்கம் நடைபெறுகிறது. எனவே ஒவ்வொரு கட்டியின் உறையிலும் “பன்றிக்கொழுப்புச் சேர்ந்தது” என்று தெளிவாக எழுத வேண்டும். இனாமாகக் கொடுப்பதாயினும் சொல்லியே கொடுக்க வேண்டும். வேண்டாதவர்களுக்குப் புங்கெண்ணெய், இலுப்பெண்ணெய் முதலியவற்றால் தனிப் பாத்திரத்தில் செய்யலாம். ஒவ்வோர் எண்ணெய்க்கும் சோடாவின் அளவு வேறாதலால், மேலே சொன்ன 140 கிராம் கணக்கை அவற்றுக்கு அப்படியே கொள்ளுதல் தவறு. குளியல் சவுக்காரத்தை விற்பனைக்குச் செய்வதாயின் 2020ஆம் வருஷத்து அழகுப்பொருள் விதிகளின்படி லைசென்ஸ் பெறுதல் அவசியம். ஆகவே முதலில் சொந்த உபயோகத்துக்குச் செய்து பழகுதலே விவேகம்.

இத்தொழிலில் சங்கம் செய்யக்கூடிய உதவி மூன்று. கிராம் அளவுக்குச் சரியாகக் காட்டும் பொதுத் தராசு ஒன்று வாங்கி வைக்கலாம். காஸ்டிக் சோடாவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, பூட்டுள்ள அலமாரியில் காரியதரிசியின் பொறுப்பில் வைத்து, வேண்டிய அளவை மாத்திரம் வழங்கலாம். ஒவ்வொரு வார்ப்பின் தேதி, கொழுப்பு, எண்ணெய், சோடா, நீர் ஆகியவற்றின் எடையையும், அறுத்த நாளையும், செலவையும் ஒரு பதிவேட்டில் எழுதி வரலாம். தேங்காயெண்ணெய், சோடா, விறகு ஆகியவற்றின் விலையையும் உழைப்பின் கூலியையும் சேர்த்துக் கூட்டி, கடைச் சவுக்காரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே லாபம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். கொழுப்பு இனாமாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கணக்கெழுதாமல் தொடங்கிய தொழில் நிலைத்து நிற்பது அரிது. அங்கத்தினர் நாலைந்து பேர் சேர்ந்து, சங்கத் தராசில் நிறுத்து, ஒரு கிலோ கொழுப்பெண்ணெயில் முதல் வார்ப்பைச் செய்து, ஆறு வாரம் பொறுத்துப் பலனைக் கண்டபின் அடுத்த வார்ப்பைத் தொடங்குவார்களாக.