அடர்நிறச் சுவரின்மேல் வெளிர்நிறம்

அடர்ந்த பச்சையோ நீலமோ பூசிய உட்சுவரின்மீது சந்தன நிறத்தை நேரடியாகப் பூசினால், முதல் கோட்டு காய்ந்த பிறகும் பழைய நிறம் உள்ளிருந்து தலைகாட்டுவதும், இரண்டாம் கோட்டு, மூன்றாம் கோட்டு என்று செலவு ஏறிக்கொண்டே போவதும் வீட்டுக்காரர் பலரும் படும் பாடாகும். பெயிண்டர் சரியாகப் பூசவில்லை என்று அவர்மீது பழி போடுவது வழக்கமாக இருந்தாலும், இதன் காரணம் பெரும்பாலும் பூச்சுக்குள் ஒளி நடந்துகொள்ளும் முறையில்தான் இருக்கிறது.

ஒரு பூச்சு தனக்கு அடியிலுள்ள நிறத்தைத் தெரியவிடாமல் செய்யும் ஆற்றலை மறைப்புத் திறன் என்பர். கறுப்பு, கருநீலம் போன்ற நிறமிகள் தம்மீது விழும் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுவதால் மெல்லிய பூச்சிலேயே அடியை மறைத்துவிடுகின்றன. வெளிர்நிறங்களோ ஒளியைச் சிதறடித்துத் திருப்பியனுப்பித்தான் அடியை மறைக்க முடியும். இச்சிதறலின் வலிமையைத் தீர்மானிப்பது ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அளவு. நிறமித் துகளுக்கும் அதைச் சூழ்ந்துள்ள பொருளுக்கும் இவ்வெண்ணில் எவ்வளவு வேறுபாடு உள்ளதோ அவ்வளவுக்கு மறைப்பும் கூடும். பெயிண்டில் துகள்களைப் பிணைக்கும் பிசினின் எண் ஏறத்தாழ 1.5, சுண்ணாம்பு காய்ந்து உண்டாகும் கால்சியம் கார்பனேட்டின் எண் ஏறத்தாழ 1.6, ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் எண் ஏறத்தாழ 2.7. வெள்ளையடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகத் தெரிந்து, காய்ந்ததும் பளிச்சென்று வெளுப்பதற்கும் இதுவே விளக்கம்: துகள்களுக்கிடையே நீர் நின்ற இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ள, வேறுபாடு மிகுந்து சிதறலும் மிகுகிறது.

டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறமிக்கு மூலமான இல்மனைட் என்னும் கரிய தாது, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுகிறது என்பதும், அறையை வெளிச்சமாக்கும் வெண்மை அக்கரு மணலிலிருந்து பிறக்கிறது என்பதும் வியக்கத்தக்கவை.

ஆகவே, அடர்நிறத்தை மூடும் வேலையை மேற்பூச்சிடம் விடாமல், வெள்ளை நிறப் பிரைமரிடம் ஒப்படைப்பதே முறை. பிரைமர் என்பது சுவரையும் மேற்பூச்சையும் பிணைக்கும் அடிப்பூச்சு. அதன் வெண்மை பழைய நிறத்தை அடக்கிவிடுவதால், அதன்மேல் வரும் வெளிர்நிறம் தன் உண்மையான சாயலில் தெரியும். ஆனால், கையால் தடவினால் மாவாக ஒட்டும் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் எதைப் பூசினாலும், அது நாளடைவில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும்.

கூடத்திலும் சமையலறையிலும் சுவரின் கீழ்ப்பாதியில் அழுக்குத் தெரியாதிருக்க அடர்நிற எனாமல் பூசிய பழைய வீடுகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எனாமலின் வழுவழுப்பில் நீர்வழி எமல்ஷன் பிடிக்காது என்பதால், உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கியாக வேண்டும். ஆனால் பழைய எனாமல்களில், சிறப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் இருந்திருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்னும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பதால், அத்தகைய சுவரை உலரத் தேய்ப்பது தவறு. நீர் தொட்டுத் தேய்த்து, வழியும் சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும், வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவ்வறைக்குள் விடாதிருப்பதும் கட்டாயம்.

மேற்பூச்சைப் பூசும்போது ஈரத்தில் தெரியும் திட்டுகளைக் கண்டு பதற வேண்டியதில்லை. எமல்ஷனும் சுண்ணாம்பைப் போலவே காயக் காயத்தான் தன் மறைப்பைக் காட்டும். முதல் கோட்டு நன்றாகக் காய்ந்த பின், பகல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த கோட்டைத் தொடங்குங்கள்.