பெண்பிள்ளைகளின் படிப்பும் பள்ளிக்கூடத்தின் பொறுப்பும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

ஒரு பெண்பிள்ளை பாதியில் படிப்பை நிறுத்திவிட்டால், அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்போம். அல்லது பெற்றோருக்கு அக்கறையில்லை என்போம். அவள் படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று நாம் கேட்பதில்லை. இன்று அக்கேள்வியையே உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

வெள்ளிமலையில் நாம் காண்பதையே எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையின் சிற்றூர்கள் சிதறிக் கிடப்பவை. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் செல்கின்றனர். தம்பி தங்கையரைக் காக்கும் சுமை மூத்த பெண்ணின் தலையில் விழுகிறது. இத்தகைய பிள்ளைக்குப் பாடமும் உணவும் தங்குமிடமும் தருவது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியே. விடுதி செம்மையாக நடந்தால் அவள் படிப்பாள். இல்லையேல் வீடு திரும்புவாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடாக இருக்க, பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 46.8 விழுக்காடாகவே இருந்தது.

பள்ளி மாறினால் பிள்ளையின் நிலையும் மாறும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பீகாரில் 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகள் மிதிவண்டி வாங்க அரசு பணம் கொடுத்தது. அதனால் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகள் 32 விழுக்காடு கூடினர் என்று கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆகியோர் கண்டறிந்தனர். நம் மலைப்பாதைக்கு மிதிவண்டி உதவாது. நேரத்துக்கு வரும் பேருந்தும் நல்ல விடுதியுமே இங்கு அப்பணியைச் செய்ய வேண்டும்.

ஆந்திரப் பள்ளிகளில் நடந்த ஆய்வொன்றில், ஆசிரியையரிடம் பயின்ற பெண்பிள்ளைகள் கூடுதலாகக் கற்றனர். ஆண்பிள்ளைகளுக்கு அதனால் குறைவேதும் நேரவில்லை. பருவமடைந்த பெண்பிள்ளைகள் பள்ளியில் நிலைப்பதற்குத் தனிக் கழிப்பறை இன்றியமையாதது என்பதை அஞ்சலி அடுகியாவின் ஆய்வு காட்டிற்று.

நம் சமுதாயத்தின் நிலையும் இதுவே. முஸ்லிம் பெண்பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்லாமைக்கு அருகில் பள்ளியின்மை, பெண்கள் விடுதியின்மை, ஆசிரியையர் இன்மை ஆகியவற்றை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை காரணங்களாகச் சுட்டியது.

2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தர முன்வந்தது. நல்ல திட்டம்தான்; ஆனால் எட்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பெண்ணுக்கு அது எட்டாக்கனி.

நாம் ஆண்டுதோறும் அதிக மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளித்து மகிழ்கிறோம். இடையில் நின்றவர்களின் பட்டியல் நம்மிடம் இல்லை. இது நம் குறை, ஒப்புக்கொள்கிறோம். இவ்வாண்டு அப்பட்டியலைத் தயாரிப்போம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தாய்மார்களே, அவ்விடங்களில் நீங்கள் அமருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியை இருக்கிறாரா, மாலையில் பேருந்து கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வராவிட்டால், அவள் பெயர் நீங்குமுன் நம்மில் இருவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். அவள் எந்தச் சமுதாயத்துப் பிள்ளையாயினும் சரி.