சீனக் கைப்போரின் முதற்பாடங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேவாரமும் சமயச் சொற்பொழிவும் கேட்ட இம்மேடையில், குத்துவதையும் தட்டுவதையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது, பாதகமில்லை. சங்கத்து இளைஞர்கள் மாலை வேளைகளில் சீன முறைப் பயிற்சியொன்றைத் தொடங்க இருக்கிறார்கள். அதன் அடிப்படைகளை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மறுக்க மனம் வரவில்லை.

பயிற்சிக்குள் போகுமுன் ஒரு கதையைத் தீர்த்துவிட வேண்டும். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதருமர் சீனத்துக்குச் சென்று, சாவோலின் மடத்துத் துறவிகளுக்குக் கைப்போர் கற்பித்தார். ஆகவே குங்பூ தமிழனின் சொத்து என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். 2011ஆம் ஆண்டில் ‘ஏழாம் அறிவு’ என்னும் திரைப்படம் வந்த பிறகு, இதைச் சந்தேகிப்பவன் இனத் துரோகி என்னும் அளவுக்கு வந்துவிட்டது. போதிதருமர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சீனத்துப் பழைய குறிப்பொன்று சொல்வது மெய்தான். வேறொரு பழைய குறிப்பு அவரைப் பாரசீகர் என்கிறது. சாவோலின் மடமோ 495ஆம் ஆண்டளவில் வேறோர் இந்தியத் துறவிக்காக எழுப்பப்பட்டது. போதிதருமரின் பெயரை உடற்பயிற்சியோடு இணைக்கும் நூல், அவர் காலத்துக்கு ஏறக்குறைய 1,100 ஆண்டுகள் பிந்தி, 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. சீன ஆராய்ச்சியாளரான தாங் ஹாவ் முதலியோர் இதை ஆராய்ந்து, கைப்போருக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எழுதிவிட்டார்கள்.

இதே போதிதருமரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. தியானத்தில் தூங்கிவிட்டோமே என்று சினந்து, தம் கண்ணிமைகளை அறுத்து எறிந்தாராம். அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்ததாம்! தேயிலை எப்படி முளைக்கிறது என்பதை ஹட்டன்காரருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டு இப்போது சிரித்தீர்கள். அந்தக் கதைக்கு மட்டும் கைதட்டுவானேன்?

தமிழருக்கும் சீனருக்கும் பழைய உறவு இல்லையென்று சொல்லவில்லை. காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுத்து, இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கும் கல்லைப் பாருங்கள். 1409ஆம் ஆண்டைக் குறித்த அந்தக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி, தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தேனவரை நாயனாருக்குச் சீனத்து மன்னர் அனுப்பிய காணிக்கையைச் சொல்கிறது. கல்லில் இவ்வளவு இருக்க, நாம் ஏன் கடன் வாங்கிய பெருமையில் நடக்க வேண்டும்?

நிற்க. சீனக் கைப்போர் ஒன்றல்ல, பல. வடக்கே நெடிய வீச்சும் பாய்ச்சலும். தெற்கே குறுகிய இடத்தில் நின்றே அடிக்கும் முறைகள். நம் இளைஞர் தேர்ந்தெடுத்திருப்பது தெற்கத்தி முறையாகிய விங் சுன். புரூஸ் லீயைத் திரையில் பார்த்தவர்களுக்கு அவர் இளமையில் பயின்றது இது என்றால் போதும். அவருடைய ஆசிரியர் இப் மான், 1893இல் பிறந்தவர். பிறந்த ஊர் பொஷானை விட்டு ஹொங்கொங் வந்து, 1950இல் அங்கே கற்பிக்கத் தொடங்கினார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? உணவுச்சாலைத் தொழிலாளர் சங்கத்தில்! பகலெல்லாம் தட்டுக் கழுவியும் சோறு பரிமாறியும் களைத்தவர்களே அவருடைய முதல் மாணாக்கர். லயத்திலிருந்து வரும் நம் தம்பிமாருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

முதற்பாடம் கையில் இல்லை, காலில். பாதங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்ப, முழங்கால்களைச் சற்று மடக்கி நிற்க வேண்டும். ஆட்டை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிப் பிடிக்கும் நிலை என்பது அதன் சீனப் பெயர். ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு உடனே விளங்கும். அடி விழும்போது அதன் பலம் தரையிலிருந்து வருகிறது. கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள்தான்.

அடுத்தது முட்டி. நான்கு விரல்களையும் மடக்கி, கட்டை விரலை வெளியே, மடக்கிய விரல்களின்மேல் வைக்க வேண்டும். கட்டை விரலை உள்ளே பொத்திக்கொண்டு குத்துபவன் எதிரியின் வேலையைத் தானே செய்துகொள்கிறான். (எமது பதினைந்தாம் வயதில் அரிசி மூட்டையொன்றைக் குத்தி இதைக் கற்றுக்கொண்டோம், மூன்று வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.) விங் சுன்னில் முட்டி படுத்திராது, நிமிர்ந்திருக்கும். சூரியன் என்பதற்கான சீன எழுத்தின் வடிவில் இருப்பதால் அப்பெயரையே அதற்கு இட்டார்கள். முழங்கை கீழ்நோக்கியிருக்க, மார்பின் நடுக்கோட்டிலிருந்தே கை புறப்பட்டு, எதிரியின் நடுக்கோட்டை நாடும். ஒரு கை போகும்போது மற்றது அதன் கீழாகத் திரும்பி வரும். அது மீள, இது போகும். சங்கிலிக் குத்து என்பது இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். இம்முறையில் கீழ் மூன்று விரல் மூட்டுகள் இலக்கில் படுகின்றன. சுண்டு விரலைத் தாங்கும் எலும்போ மெலிந்தது. மணிக்கட்டுச் சற்று வளைந்தாலும், தலையோட்டில் பட்டாலும் அது முறியும். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்று வைத்தியர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே தொடக்கக்காரருக்கு உள்ளங்கை அடியே உத்தமம் என்பது எமது கருத்து. விரல்களை விலக்கிவிட்டு, உள்ளங்கையின் அடிமேட்டால் தள்ளி அடிப்பது அது.

தடுக்கும் கைகளுக்கு வருவோம். உள்ளங்கை மேல்நோக்க விரிந்து செல்வது தான் சாவ். முழங்கை உயர்ந்து பறவைச் சிறகுபோல் சாய்வது பொங் சாவ். எதிரியின் கைமேல் கவிந்து அடக்குவது புக் சாவ். இவை வந்த அடியோடு மோதுவதில்லை. அதன் வழியைச் சற்றே திருப்பிவிடுகின்றன. இம்மூன்றும் ‘சிறு எண்ணம்’ என்று பொருள்படும் முதல் வரிசையில் அடங்கும். அவ்வரிசை முழுவதிலும் கால் ஓரடிகூட நகராது. அதன் முதற்பகுதியில் ஒரு கை மிக மெதுவாக முன்சென்று மீள்கிறது, மும்முறை. புத்தரை மும்முறை வணங்குதல் என்று அதற்குப் பெயர். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் ஓடிப்போகிறார்கள். திரையில் ஒரு நிமிடத்தில் பத்துப்பேர் விழக் கண்டவனுக்கு, ஒரு கையை நீட்ட ஒரு நிமிடம் என்றால் பொறுக்குமா?

ஆனால் காரணம் இருக்கிறது. தோளை இறுக்கினால் கை தடித்த கட்டையாகிவிடும்; வேகமும் போகும், உணர்வும் போகும். கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் கைகளைப் பாருங்கள். இரண்டு இலையும் மொட்டும் விரலில் படும். கண் அடுத்த செடிக்குப் போய்விடும். கை தளர்ந்தே வேலை செய்யும். இறுக்கிக்கொண்டு பறிப்பவள் பகல் நிறுவைக்குள் சோர்ந்துபோவாள். விங் சுன்னில் ‘ஒட்டுக் கை’ என்றொரு பயிற்சி உண்டு. இருவர் முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டே, மற்றவர் எங்கே அழுத்துகிறார், எங்கே விடுகிறார் என்பதைத் தோலால் அறிய வேண்டும்.

இம்முறை விங் சுன் என்ற இளம்பெண்ணின் பெயரால் வழங்குகிறது என்றும், தன்னைத் துன்புறுத்திய முரடனை அவள் இதனால் வென்றாள் என்றும் சொல்வார்கள். இதுவும் கதைதான், போதிதருமருக்குப் பிடித்த அளவுகோலை இதற்கும் பிடிக்கிறோம். ஆயினும் பலத்தோடு பலம் மோதாத கலை பெண்ணுக்கும் ஏற்றது என்பதற்குக் கதை வேண்டியதில்லை. இருட்டும் முன் மலையிறங்கி வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். பயிற்சியில் அவர்களுக்கு இடமுண்டா என்று கேட்டோம், “யோசிக்கிறோம்” என்றார்கள். இச்சபையிலேயே மறுபடியும் கேட்கிறோம்.

இன்னொன்று. நம் முன்னோர் தென்னாட்டிலிருந்து சிலம்பத்தோடு குத்துவரிசை, தட்டுவரிசை, பிடிவரிசை முதலியவற்றையும் கொண்டுவந்தார்கள். எமக்குத் தெரிந்த தோட்டங்களில் கம்பு இன்னும் திருவிழாவுக்கு வெளியே வருகிறது, தப்பு முழங்குகிறது. வெறுங்கை வரிசை முழுதும் தெரிந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவர்களும் முதியவர்கள். சீனத்துக் கலைக்கு நாம் தந்தை என்று வாதாடிய நேரத்தில், அந்த வாத்தியார்களின் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கலாம். சீனப் பயிற்சி வேண்டாமென்று சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் அவர்களையும் அழைத்து உட்காரவையுங்கள். தான் சாவைப் பார்த்ததும், “இது நம்ம தட்டு மாதிரி இருக்கே” என்றோ, “இப்படித் தட்டினா விலா திறந்துடும்” என்றோ அவர் சொல்லக்கூடும். இரண்டுமே கேட்கத் தக்கவை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். இனித் தம்பிமார் இருவர் ஒட்டுக் கையை மெதுவாகச் செய்து காட்டுவார்கள். அந்த மேசையையும் குத்துவிளக்கையும் சற்று ஓரமாக வைத்துவிடுங்கள்.