ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள்வோம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளர் சாருக்கு நன்றி.

விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். அரையாண்டு விடுமுறையில் ஒரு மதியம், நம் கிளப் ஹவுஸ் ஹாலில் நான்கு பிள்ளைகள் ஏணி போட்டு, ரிப்பேருக்குக் கழற்றிய ஃபேனின் காலிக் கொக்கியில் ஒரு புடவையை மாட்டித் தொங்கியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். செக்யூரிட்டி அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து இறக்கிவிட்டார். யாருக்கும் அடி இல்லை. அன்று மாலையே ஹாலுக்குப் பூட்டு விழுந்தது. இரவு வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் கேட்டார்: "பிள்ளைங்களுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுக்கிறது?"

நான்தான். மகளிர் தின விழாவில் என் ஏரியல் சில்க்ஸ் வீடியோவை அதே ஹாலில் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிட வீடியோ. ஏறுவது இருக்கிறது, தலைகீழாகத் தொங்குவது இருக்கிறது. இறங்குவது இல்லை, அதை வெட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருக்காது என்று நினைத்தேன். அன்று வெட்டியதை இன்று உங்களுக்குச் சொல்லத்தான் நிற்கிறேன்.

முதலில், இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. உயரத்திலிருந்து தொங்கும் நீளமான துணியில் ஏறி, உடம்பில் சுற்றிக்கொண்டு, கயிறோ பெல்ட்டோ இல்லாமல் செய்யும் வித்தை. சர்க்கஸில் இருந்து வந்தது. 1984இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கிய சர்க் டு சோலேய் போன்ற குழுக்களின் மேடைகள் வழியாக உலகம் முழுக்கத் தெரியவந்தது. இப்போது நம் நகரங்களிலும் உடற்பயிற்சி வகுப்பாக நடக்கிறது. பெயரில்தான் பட்டு. துணி பெரும்பாலும் நைலான். ஒரே நீளத் துணியை நடுவில் மடித்து மேலே கட்டுவார்கள். கீழே இரண்டு வால் தொங்கும்.

நான் சேர்ந்தது 42 வயதில். பையன் காலேஜுக்குப் போய்விட்டான், சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் மிஞ்சியது. முதல் மாதம் தரையை விட்டு இரண்டு அடி மேலே போகவில்லை. துணியைப் பிடித்துத் தொங்கி, தோளைக் காதிலிருந்து கீழே இழுக்க வேண்டும். பார்ப்பவருக்கு நான் சும்மா தொங்குவது போல இருக்கும். எனக்கோ மறுநாள் குக்கர் மூடியைத் திருகக் கை வராது. பிறகு துணியை ஒரு காலின் வெளிப்பக்கமாகச் சுற்றி, மறு பாதத்தால் அதை மிதித்து நிற்கப் பழகினேன். கையால் ஏறுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் ஏறுவது காலால். கை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஏழாவது வாரம். அன்று கூட்டம் அதிகம், சொல்லித்தருபவர் வேறு பக்கம் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் மேலே போனாள். எனக்கும் ஆசை வந்தது. ஏறினேன். பத்து அடி இருக்கும். அங்கே போன பிறகுதான் முன்கை இரண்டும் கல்லாக இறுகிவிட்டதும், எனக்கு இறங்கத் தெரியாது என்பதும் ஒரே நேரத்தில் உறைத்தது. "மேடம்" என்று கூப்பிடவும் வெட்கம். பிடி நழுவியது. சர்ரென்று சறுக்கி வந்தேன். கீழே மெத்தை இருந்ததால் எலும்பு தப்பியது. உள்ளங்கையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் துணி உரசிய சூட்டில் தோல் உரிந்துவிட்டது. இரண்டு வாரம் பாத்திரம் தேய்த்தது என் வீட்டுக்காரர். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

திரும்பி வகுப்புக்குப் போனபோது என் ஆசிரியர் திட்டவில்லை. "மூணு அடி ஏறுங்க, இறங்குங்க. பத்து தடவை" என்றார். இறங்குவது என்றால் சறுக்குவது இல்லை. பாதங்களுக்கு நடுவே துணியைக் கொஞ்சம் தளர்த்தி, கைக்குக் கீழே கை மாற்றி, ஏறியது போலவே ஒவ்வொரு படியாக வர வேண்டும். அப்புறம் ஒரு விதி சொன்னார். மேலே போகும்போதே இறங்கி வருவதற்கான பலத்தை மிச்சம் வைக்க வேண்டும். "இன்னும் ஒரு தடவை ஏறலாம்" என்று தோன்றுகிற இடம்தான் திரும்ப வேண்டிய இடம். இப்போது அவர் மேற்பார்வையில் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன், கால் பூட்டு வரைக்கும்தான். தலைகீழ் நிலையும் மேலிருந்து சுழன்று விழும் வித்தையும் என் வேலை இல்லை. அதற்கு அவர் இருக்கிறார். சொல்லித்தருபவருக்கும் தன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

கற்றதைவிடக் கற்பித்ததில்தான் நிறையத் தெரிந்துகொண்டேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பயமே கிடையாது. அவளுடைய அம்மாவுக்குப் பெருமை, எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. அதே மாதம் 56 வயது அம்மா ஒருவர் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் "இன்னிக்கு இது போதும்மா" என்று தானே நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரில் எனக்கு நிம்மதி தந்தவர் அந்த அம்மாதான். தன் கை எப்போது தளரும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிறுமிக்கு நான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது ஒரு சொல்: "இறக்கிவிடுங்க." அதை வெட்கப்படாமல், சத்தமாகச் சொன்ன பிறகுதான் அவளை ஐந்து அடிக்கு மேல் விட்டேன்.

இன்னொன்று. தலைகீழாக இருப்பவரிடம் "வலது கால்" என்று சொன்னால் குழம்பிப்போவார். "ஜன்னல் பக்கத்துக் கால்" என்றால் உடனே புரியும். எந்தச் சுற்றையும் முதலில் தரையிலேயே, படுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வைப்போம். எந்தத் துணி எங்கே போகிறது, எதை விட்டால் என்ன ஆகும் என்று அவரே சொல்ல வேண்டும். சொல்ல முடியாதவர் மேலே செய்யக் கூடாது.

சரி, இப்போது நம் ஃபேன் கொக்கி.

நம்மில் பாதிப் பேர் தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். தூளி கட்டும் பாட்டி என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். முடிச்சுப் போட்டதும் பிள்ளையைப் போடமாட்டார். இரண்டு கையாலும் இழுத்து, தன் பாரத்தைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். அப்புறம்தான் பிள்ளை. எங்கள் வகுப்பிலும் தினமும் முதல் வேலை அதுதான். கொக்கி, பூட்டுள்ள இரும்பு வளையம், முறுக்கு ஏறாமல் சுழலும் ஸ்விவல், துணியின் ஒவ்வொரு அடி என்று எல்லாவற்றையும் பார்ப்போம். துணியில் ஒரு ஓட்டை தெரிந்தால் அன்று வகுப்பு இல்லை.

ஆனால் தூளியில் கிடக்கும் குழந்தை குதிக்காது. எட்டு வயதுப் பிள்ளை குதிக்கும். ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 30 கிலோ எடையுள்ள பிள்ளை அரை மீட்டர் கீழே விழுகிறது. துணி அதை 10 சென்டிமீட்டருக்குள் பிடித்து நிறுத்துகிறது. அப்போது கொக்கியில் விழும் சராசரி இழுப்பு எடையைப் போல ஆறு மடங்கு, அதாவது 180 கிலோ. அந்தக் கொக்கி ஐந்து கிலோ ஃபேனுக்காகப் போட்டது. அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று நம் கட்டடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு அது தாங்கியதால் நாளைக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

கொக்கியைவிட எனக்குப் பயம் துணிதான். துணி கழுத்தில் சுற்றிக்கொண்டால் பிள்ளையால் கூப்பிட முடியாது, பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. அதனால் பெற்றோரிடம் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி தங்கைக்குக் கட்டிய தூளியில் பெரிய பிள்ளைகள் முறுக்கிச் சுற்றி விளையாட விடாதீர்கள். தூளி தேவையில்லாத நேரத்தில் அவிழ்த்து மேலே போட்டுவிடுங்கள். புடவை, துப்பட்டா, கயிறு எதுவும் ஜன்னல் கம்பியிலும் பால்கனியிலும் தொங்க வேண்டாம். தொங்கும் துணியும் பிள்ளையும் ஒரு அறையில் தனியாக இருக்கவே கூடாது.

"நம்ம ஹாலிலேயே ஒண்ணு முறையா மாட்டிடலாமே, நீங்கதான் இருக்கீங்களே" என்று மூன்று பேர் என்னிடம் கேட்டீர்கள். என் பதில்: வேண்டாம். மனிதர் தொங்க வேண்டுமானால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பீமைப் பார்த்து, எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டு, எழுத்தில் தர வேண்டும். தடிமனான மெத்தை வேண்டும். வகுப்பு இல்லாத நேரத்தில் துணியை இறக்கிப் பூட்டி வைக்க ஆள் வேண்டும். நம் ஹாலின் உயரம் 11 அடிதான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இவ்வளவு செலவு செய்து ஆறு பேர் தொங்குவதற்கு, பராமரிப்புத் தொகையை உயர்த்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.

கற்க ஆசை இருப்பவர்கள் வெளியே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். சேருவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மேலே மாட்டியிருப்பதை யார், எப்போது சோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் நாளே தலைகீழாகத் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்துக்கொடுத்தால் அந்த இடம் வேண்டாம். போகும்போது மோதிரம், செயின், கொலுசைக் கழற்றி வைத்துவிடுங்கள். முழங்காலும் அக்குளும் மூடும் உடை போடுங்கள். தோள் வலி, ரத்த அழுத்தம், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் சேர வேண்டாம்.

கட்டணம் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மல்லர் கம்பத்தில் கயிற்றில் செய்யும் பிரிவு ஒன்று உண்டு. கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்விக்கொண்டு ஏறுவார்கள். முடிச்சே போடாமல் உடம்பால் சுற்றி ஆசனங்களில் நிற்பார்கள். விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் இதை வருடக்கணக்காகப் பழகி வருகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிலும் மல்லர் கம்பம் இருந்தது. துணி கிடைக்காவிட்டால் கயிறு. ஆசிரியர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள். ஹால் பூட்டைத் திறந்துவிடுங்கள். ஏணியைப் பூட்டுங்கள், காலிக் கொக்கியில் ஃபேனை மாட்டுங்கள், ஹாலைத் திறங்கள். அந்த நான்கு பிள்ளைகளும் கெட்ட பிள்ளைகள் இல்லை. பார்த்ததைச் செய்து பார்த்தார்கள். நான் பாதியைத்தான் காட்டியிருந்தேன்.

மீதியைக் காட்ட விரும்புகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, விளையாட்டுத் திடலில் உள்ள தொங்கு கம்பியில் ஒரு மணி நேரம். கட்டணம் இல்லை. துணி கிடையாது, உயரம் கிடையாது. பிடிப்பது, தோளை இழுப்பது, மணலில் முழங்கால் மடித்துக் குதிப்பது, கை தளர்வதற்கு முன் இறங்குவது, "இறக்கிவிடுங்க" என்று சத்தமாகச் சொல்வது, இவ்வளவுதான் பாடம். ஒவ்வொரு பிள்ளையுடனும் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து நிற்க வேண்டும். தாத்தா பாட்டியும் வரலாம். கொக்கியை எப்படி இழுத்துப் பார்ப்பது என்று பாட்டிகள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முதல் நான்கு இடம் அந்த நான்கு பேருக்கு. பெயரை நானே எழுதி வைத்துவிட்டேன்.