வினா எழுப்பும் உரிமை



தொலைக்காட்சி அறிவியல் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அத்திட்டத்தில் முன்னின்றவர்களுள் ஒருவர் அறிவியலறிஞர் யஷ்பால்.

அந்த ஊர்களுள் எங்கள் ஊர் இல்லை. என் இளமையில், ஊர்த்தெரு வீடொன்றின் சன்னலுக்கு வெளியே நின்றே தொலைக்காட்சி பார்த்தோம். படம் தெரிந்தது, பேச்சு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்க நா எழவில்லை.

1991-இல் தூர்தர்ஷனில் 'டர்னிங் பாயிண்ட்' வந்தது. நேயர்கள் எழுதியனுப்பிய வினாக்களுக்கு யஷ்பால் விடையளித்தார். எழுதியவர் எத்தெருவினர் என்பதன்று, வினா யாது என்பதே அங்குப் பொருட்டாயிற்று.

1995 அக்டோபர் 24 அன்று முழுச் சூரிய கிரகணத்தைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. அவரே விளக்கமும் தந்தார். கிரகணம் நிலவின் நிழலே என்று என் அன்னைக்கு எடுத்துரைத்தேன். கிரகண வேளையில் என்றும் அடுப்பு மூட்டாத அவர், அன்று உலை வைத்தார். நிலவின் நிழலில் தீட்டு இல்லையெனில், மனிதர் நிழலில் தீட்டு ஏது? நம் முன்னோரை விலக்கி வைத்தவர்களை நோக்கி நாம் எழுப்பவேண்டிய வினா இதுவன்றோ!

இளைஞர்களே! இன்று திரை உங்கள் கையிலேயே உள்ளது. சன்னலோரம் நிற்க வேண்டுவதில்லை. ஆயினும் பார்ப்பது மட்டும் கல்வியாகாது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஒரு வினாவை எழுதுங்கள். நம் சங்கத்து மாலை வகுப்புக்கு அதனைக் கொணருங்கள். ஆசிரியர் அறியாததாயின், இருவரும் சேர்ந்து தேடுங்கள்.

கேட்கத் துணிந்தவனே கற்றவன்.